பீஃப் நூடுல்ஸ்: எந்தக் கறி, எந்த நூடுல்ஸ், எந்தச் சட்டி?

கடையில் வாங்கும் பீஃப் நூடுல்ஸில் கறியின் ஓரம் லேசாகக் கருகியிருக்கும், நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாது, தட்டின் அடியில் ஈரமே தெரியாது. அதே சாமான்களை வைத்து வீட்டில் கிளறினால் கறி சாம்பல் நிறத்தில் வெந்து, நூடுல்ஸ் குழைந்து, அடியில் குழம்பு மாதிரி ஏதோ தேங்கி நிற்கும். உடனே பழி சாஸ் மேல் விழும். அடுத்த முறை வேறு கம்பெனி பாட்டில் வீட்டுக்கு வரும். சாஸ் என்ன செய்யும், பாவம். கோளாறு தண்ணீரில் இருக்கிறது.

வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஏறத்தாழ 3 கிலோவாட் வெப்பம் தரும். உணவகங்களில் வோக் என்ற குழிவான சீனச் சட்டியை வைக்கும் அடுப்பு அதைப் போல் பத்து மடங்குகூடத் தரும். கறியின் மேற்பரப்பு சிவந்து அந்த வறுத்த மணம் வர 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். ஆனால் சட்டியில் நீர் தேங்கியிருக்கும் வரை அந்த இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கொடுக்கிற தீயெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். உணவகத்து அடுப்பில் கறி விடும் நீர் விட்ட மாத்திரத்தில் பறந்துவிடுகிறது. நம் அடுப்பால் அது முடியாது. அதனால் கறி, நூடுல்ஸ், காய், சாஸ் எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இது சட்டிக்குள் எவ்வளவு நீரைக் கொண்டுவரும் என்பதைத்தான். ருசி, விலை, நேரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

கறி: மிருதுவானதா, மலிவானதா?

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். சட்டியில் கறி இருக்கப்போவது இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்துக்குள் வெந்து மெல்லவும் வரவேண்டும் என்றால் எல்லாப் பாகமும் சரிப்படாது.

முதலில் தள்ள வேண்டியவற்றைத் தள்ளிவிடலாம். கால்கறியும் நெஞ்சுக்கறியும் இந்தச் சமையலுக்கு வேண்டாம். அவற்றில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய. அது கரைந்து வழவழப்பாக மாற மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேக வேண்டும். மூன்று நிமிட வறுவலில் ரப்பராகத்தான் சுருங்கும். எவ்வளவு மெல்லியதாக வெட்டினாலும் மென்று முடியாது. அந்தப் பாகங்கள் சூப்புக்கும் குழம்புக்கும் போகட்டும்.

மறுமுனையில் டெண்டர்லாயின் இருக்கிறது. சில கறிக்கடைகளில் அண்டர்கட் என்பார்கள். மாடு அதிகம் உழைக்காத தசை என்பதால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். எதுவும் தடவாமல் போட்டாலும் மிருதுவாக வரும். இருந்தும் நூடுல்ஸுக்கு இதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். விலை அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, இதற்குக் கறி வாசனை குறைவு. சோயா, இஞ்சி, பூண்டு எல்லாம் சேர்ந்தபின் அது கறியா என்றே தெரியாது. ஸ்டேக்குக்கு எடுத்து வைத்ததில் வால் பக்கத்து மெல்லிய துண்டு மிஞ்சினால் தாராளமாகப் போடுங்கள். இதற்கென்றே தனியாக வாங்க வேண்டாம்.

நடுவில் வருபவைதான் நமக்கானவை. ஒன்று வயிற்றுப் பக்கத்துத் தட்டையான ஃபிளாங்க். இரண்டாவது பின்முதுகுப் பகுதியான சர்லாயின். மூன்றாவது தொடைக்கறி. ருசியில் ஃபிளாங்குக்கு முதலிடம். அதன் நார் நீளமாக, ஒரே திசையில், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். எந்தப் பக்கம் வெட்டுவது என்ற சந்தேகமே வராது. சர்லாயின் கொஞ்சம் கொழுப்போடு, எப்படிச் செய்தாலும் மோசமாகாது. தொடைக்கறி மலிவு, எங்கும் கிடைக்கும், கொழுப்பு குறைவு. ஆனால் கொஞ்சம் அசந்தாலும் வறண்டுவிடும். அன்றாடச் சமையலுக்கு நான் எடுப்பது தொடைக்கறிதான். அதன் குறையைக் கத்தியும் சமையல் சோடாவும் சேர்ந்து சரிக்கட்டிவிடும். அந்த வசதி இல்லாவிட்டால் சர்லாயினுக்குப் போய்விடுங்கள்.

வெட்டும் விதம், எந்தப் பாகம் வாங்கினீர்கள் என்பதைவிடப் பெரிய விஷயம். கறியைப் பலகையில் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாகக் கோடுகள் ஓடும். கத்தி அந்தக் கோடுகளைக் குறுக்கே அறுக்க வேண்டும். வெட்டிய வில்லையைப் பார்த்தால் நீளக் கோடுகள் தெரியக்கூடாது, புள்ளி புள்ளியாக நாரின் முனைகள் தெரிய வேண்டும். வில்லையை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தால் உடனே பிரிந்து வந்தால் சரி. ரப்பர் மாதிரி நீண்டால் திசை தவறு, பலகையைத் திருப்பிக்கொள்ளுங்கள். கனம் 3 மில்லிமீட்டர் போதும். கறியை 20 முதல் 30 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, ஓரம் இறுகி நடு இன்னும் நெகிழ்வாக இருக்கும்போது எடுத்தால் சாதாரணக் கத்தியிலேயே இந்தக் கனம் வரும். முழுக்க உறைந்த கறியை அவசரமாக உருக்கிப் போட்டால் அது விடும் நீரே அரைக் கிண்ணம் இருக்கும். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது.

கொத்துக்கறியை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை. வெட்டும் வேலை கிடையாது, ஊற வைக்க வேண்டாம், சவ்வு பற்றிய கவலை இல்லை. குழந்தைகளுக்கும் மெல்ல எளிது. நூடுல்ஸ் இழைகளுக்கு நடுவே பரவி ஒவ்வொரு வாயிலும் கறி வரும். குறை என்னவென்றால் அது நீரையும் கொழுப்பையும் ஒரே சமயத்தில் கக்கும். போட்டவுடன் கிளறாமல் தோசை மாதிரி பரப்பி அழுத்திவிட்டு, அடி சிவக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். இளஞ்சிவப்பு இல்லாமல் முழுக்க வேக வேண்டும் என்பது கொத்துக்கறிக்குக் கண்டிப்பு. அரைக்கும்போது மேற்பரப்பில் இருக்கும் கிருமிகள் உள்ளேயும் கலந்துவிடும் என்பதால் உட்பக்கம் 71 டிகிரி வரை சூடேற வேண்டும்.

மிருதுவாக்க: சோடாவா, சோள மாவா, பப்பாளியா?

சமையல் சோடா கறியின் காரத்தன்மையை (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான குணம்) உயர்த்தும். அதனால் சூடு படும்போது புரதங்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நீரைப் பிழிந்து வெளியே தள்ளுவது குறைகிறது. கறி மிருதுவாவதோடு நீரும் உள்ளேயே தங்குகிறது. 250 கிராம் கறிக்குக் கால் டீஸ்பூன், 15 முதல் 20 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். கூடினால் சோப்பு வாசனை அடிக்கும், கறியும் கொழகொழவென்று ஆகி அதன் இயல்பே போய்விடும். பேக்கிங் பவுடரை இதற்குப் பதிலாகப் போடக்கூடாது. அதில் அமிலமும் சேர்ந்திருக்கிறது.

சோடாவில் ஒரு சிக்கல் உண்டு. ஊறிய கறியைக் கழுவ வேண்டும், கழுவினால் நீர். ஆகவே கழுவியபின் துணியிலோ காகிதத் துண்டிலோ ஒற்றி எடுக்காமல் அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். இந்த வேலை பிடிக்காதவர்களுக்குச் சோள மாவு. ஒரு டீஸ்பூன் மாவு, இரண்டு டீஸ்பூன் சோயா சாஸ், கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பிசைந்தால் கறி மேல் மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும். அது சாற்றை உள்ளே பிடித்துவைக்கும், வெளியே வழவழப்பும் தரும், பிறகு சாஸும் அதில் நன்றாக ஒட்டும். கழுவவே தேவையில்லை. சர்லாயினுக்கும் ஃபிளாங்குக்கும் இது மட்டும் போதும். தொடைக்கறிக்கு முதலில் சோடா, கழுவி ஒற்றியபின் சோள மாவு என்று இரண்டும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது உணவக வழக்கம். அவர்கள் அதை நிறைய எண்ணெயில் முக்கி எடுத்துவிட்டுப் பிறகு வறுப்பார்கள். கொஞ்சம் எண்ணெயில் அது சட்டியோடு ஒட்டித் தொலைக்கும். பப்பாளி, அன்னாசி இரண்டிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. பெரிய துண்டுகளுக்குப் பரவாயில்லை; 3 மில்லிமீட்டர் வில்லையில் அவை வேலையைத் தொடங்கினால் எங்கே நிறுத்தும் என்று சொல்ல முடியாது. எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

நூடுல்ஸ்

உடனடி நூடுல்ஸை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு அதைவிட நல்ல தேர்வு இல்லை. 1958-ல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த முறைதான் அடிப்படை: ஏற்கெனவே ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரித்தெடுத்தது. பொரியும்போது உள்ளிருந்த நீர் ஆவியாகி வெளியேறியதால் இழை முழுக்க நுண்துளைகள். அதனால்தான் வெந்நீர் பட்டவுடன் மென்மையாகிறது. அதே காரணத்தால் சட்டியில் சாஸையும் கறிச்சாற்றையும் உறிஞ்சிக்கொண்டே இருந்து, கொஞ்சம் தாமதித்தால் கஞ்சியாகிவிடும். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். பொரித்த கொழுப்பு அதிலேயே இருப்பதால் எண்ணெயையும் குறைக்கலாம். மசாலாத் தூளைத் தூர வையுங்கள், அல்லது சோயா சாஸைப் பாதியாக்குங்கள். இரண்டும் முழுதாகப் போட்டால் உப்புக் கரிக்கும்.

காய்ந்த முட்டை நூடுல்ஸ், கோதுமை நூடுல்ஸ் வகைகள் புதிதாகச் செய்து பார்ப்பவர்களுக்கு. மஞ்சளாக இருந்தால் முட்டை என்று நினைக்க வேண்டியதில்லை. பலவற்றில் மாவோடு கார உப்புகள், அதாவது சோடியம், பொட்டாசியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். அந்த நிறமும் பல்லில் கடிபடும் அந்தத் துள்ளலும் அதிலிருந்து வருபவை. எவ்வளவு கிளறினாலும் அறுபடாத குணம் இவற்றுக்கு உண்டு, தவறு செய்யவும் இடம் தரும். முக்கால் பதம் வந்ததும் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி மாவுப் பசையைப் போக்கி, வடிதட்டில் பரப்பி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறி விட்டுவிடுங்கள். எல்லாரும் எண்ணெய் பிசறுகிறார்கள், வடியவிடுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் வடிந்த நூடுல்ஸைக் கையில் எடுத்தால் உள்ளங்கை நனையக்கூடாது.

அரிசி நூடுல்ஸில் இரண்டு ஜாதி. புதிதாகச் செய்த அகலப் பட்டை வகை கான்டனீஸ் சமையலில் மாட்டிறைச்சியோடு உலர வறுக்கும் பிரபலமான பதார்த்தத்துக்கு உரியது. சாப்பிட அருமை, வீட்டில் செய்யச் சோதனை. மாவைப் பிடித்துவைக்கும் கோதுமைப் புரதமான குளூட்டன் இல்லாததால் கரண்டி பட்டால் உடையும், சூடு குறைந்தால் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பலமான தீயும் பழகிய கையும் இருந்தால் மட்டும் இறங்கலாம். காய்ந்த அரிசி நூடுல்ஸ் வேறு கதை. அதைக் கொதிக்கவைக்காமல் வெதுவெதுப்பான நீரில் வளையும் பதம் வரை மட்டும் ஊறவைத்துப் போட்டால், மற்றவை விடும் நீரை அது குடித்துக்கொண்டு வேகும். நம் அடுப்பின் பலவீனத்துக்கு இவ்வளவு ஒத்துப்போகும் நூடுல்ஸ் வேறில்லை. கண்ணாடி நூடுல்ஸும் இதே ரகம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸை மாட்டிறைச்சியோடும் காய்களோடும் பிரட்டுவது கொரியர்களின் ஜாப்சே. கோதுமை ஆகாதவர்களுக்கும் இவை இரண்டும் உதவும். ஆனால் சாதாரண சோயா சாஸில் கோதுமை இருக்கும், பாட்டிலைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

உடோன் ஜப்பானியக் கோதுமை நூடுல்ஸ், தடிமனானது. உறைந்த உடோனை வெந்நீரில் ஒரு நிமிடம் பிரித்துப் போட்டால் போதும், குழையவே குழையாது. ஆனால் அதன் நடுப்பகுதிக்குச் சுவை ஏறாது. சாஸ் கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக இருந்தால்தான் எடுபடும்.

வீட்டில் ஸ்பகெட்டி மட்டும் இருக்கிறதா? வேகும் நீரில் லிட்டருக்கு 2 டீஸ்பூன் சமையல் சோடா போடுங்கள். கார உப்பு நூடுல்ஸின் துள்ளல் ஓரளவு வந்துவிடும், நிறமும் மாறும். நுரை பொங்கும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும்.

சட்டி, சுருக்கமாக

கேஸ் அடுப்பு என்றால் கார்பன் ஸ்டீல் வோக் நல்லது: சீக்கிரம் சூடாகும், இலேசானது. இண்டக்‌ஷன் என்றால் உருண்டை அடி வோக்கால் பயனில்லை, தட்டை அடிதான். எதுவானாலும் நான் சிபாரிசு செய்வது அகலமான, கனமான வார்ப்பிரும்புச் சட்டி. சூடேற நேரம் எடுத்தாலும், ஏறிய சூட்டைக் கறி விழுந்தவுடன் இழந்துவிடாது. தூக்கிப் போட்டு வீச முடியாது; இடுக்கி இருக்க வீச வேண்டிய அவசியமும் இல்லை. நான்ஸ்டிக்கில் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும், காலிச் சட்டியைப் பெருந்தீயில் வைக்கவே கூடாது. நமக்கு வேண்டிய அந்தச் சூட்டை அதனிடம் பயமில்லாமல் கேட்க முடியாது.

உலர்ந்ததா, குழம்போடா?

பலரும் தேர்வாகவே நினைக்காத தேர்வு இது. உலர்ந்த வறுவலில் சாஸ் ஒரு பூச்சு மட்டும். இருவருக்கு 250 கிராம் கறி, 150 கிராம் காய்ந்த நூடுல்ஸ் என்றால் லைட் சோயா 1½ டேபிள்ஸ்பூன், ஆய்ஸ்டர் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், நிறத்துக்கு டார்க் சோயா ஒரு டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன். எல்லாவற்றையும் முன்னாலேயே ஒரு கிண்ணத்தில் கலந்துவிடுங்கள். அடுப்பருகே நின்று பாட்டில் பாட்டிலாகத் திறக்கும் நேரத்தில் நூடுல்ஸ் அடிப்பிடித்துவிடும். சாஸைச் சட்டியின் ஓரச் சுவரில் ஊற்றினால் இறங்கும்போதே சுண்டி மணக்கும். கலந்து பழகாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டார்க் சோயா நிறத்துக்கு, லைட் சோயா உப்புக்கு. இடம் மாறினால் தட்டு கறுத்துப்போகும்.

வறுக்கும் வரிசையில் விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று: கறியைப் பாதி பாதியாகப் போடுங்கள். வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். காது கொடுத்தால் தெரியும். சடசடவென்று வெடிக்கும் சத்தம் இருந்தால் வறுபடுகிறது. சத்தம் தணிந்து கொதிக்கிற ஒலியாக மாறினால் நீர் விட்டுவிட்டது, போட்டது அதிகம். சிவந்ததும் தட்டுக்கு எடுத்துவிட்டு, காய், பிறகு நூடுல்ஸ், பிறகு சாஸ், கடைசி அரை நிமிடத்தில் கறி திரும்பி வரட்டும். காயில் வெங்காயம், குடைமிளகாய், கேரட் பாதுகாப்பானவை. காளானும் முளைகட்டிய பயறும் நீர் விடுபவை, அளவாகப் போடுங்கள்.

குழம்போடு செய்யும் வகையில் எல்லாம் தலைகீழ். வெந்து வடிந்த மெல்லிய முட்டை நூடுல்ஸை எண்ணெய் விட்ட சட்டியில் அடை மாதிரி பரப்பி அழுத்துங்கள். கிளறவே வேண்டாம். நடுத்தரத் தீயில் நாலைந்து நிமிடத்தில் அடி பொன்னிறமாக மொறுமொறுக்கும். தட்டை வைத்துக் கவிழ்த்து மறுபக்கமும். அதை எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் கறியை வறுத்து, கால் லிட்டர் கறிச்சாறும் (கறியோ எலும்போ வேகவைத்து வடித்த நீர்) சாஸும் சேர்த்து, நீரில் கரைத்த சோள மாவு ஊற்றிக் கெட்டியாக்கி, அந்த மொறுமொறுப்பின் மேல் கொட்டுங்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு குழம்பில் ஊறியும் இருக்கும். ஹாங்காங் பாணி என்று உணவகங்களில் கிடைப்பது இதுதான். இதில் கறி நீர் விட்டால்கூடக் குழம்போடு சேர்ந்துவிடும். பெருந்தீ தேவையில்லை, வீச வேண்டாம். தீ பலவீனமான அடுப்பு உள்ளவர்கள், முக்கியமாகப் பழைய மின் அடுப்போடு மல்லுக்கட்டுபவர்கள், உலர்ந்த வறுவலை விட்டுவிட்டு நேராக இதற்கு வந்துவிடலாம். இது ஏன் வீடுகளில் அதிகம் புழங்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

சரி, எப்போது எது?

வேலை முடிந்து வந்து அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்றால் கொத்துக்கறியும் உடனடி நூடுல்ஸும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெங்காயத்தாள் கொஞ்சம் தூவினால் போதும். ஒரு மணி நேரம் கையில் இருந்தால் தொடைக்கறி, சோடா, காய்ந்த கோதுமை நூடுல்ஸ், உலர்ந்த வறுவல். நூடுல்ஸ் நீர் கொதிப்பதற்குள் கறி ஊறிவிடும் என்பதால் உண்மையில் அவ்வளவு நேரமும் ஆகாது. நான்கு பேருக்கு மேல் என்றால் உலர்ந்த வறுவலை ஒரே தடவையில் செய்யப் பார்க்காதீர்கள். இருவர் இருவராகச் செய்து பரிமாறுங்கள், அல்லது மொறுமொறு அடையும் குழம்பும் செய்யுங்கள்; குழம்பை எத்தனை பேருக்கும் பெருக்கலாம். தீ சுமார், கோதுமையும் வேண்டாம் என்பவர்களுக்கு ஊறிய காய்ந்த அரிசி நூடுல்ஸ், சர்லாயின், சோள மாவு.

மறுநாள் டப்பாவில் எடுத்துப் போவதற்கும் சேர்த்துச் செய்வதாக இருந்தால் அரிசி நூடுல்ஸ் வேண்டாம். குளிரில் அதன் மாவுச்சத்து இறுகி, இழை விறைத்து, சூடாக்கும்போது தூள் தூளாக உடையும். கோதுமை நூடுல்ஸ் தாங்கும். செய்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறுநாள் சூடாக்கும்போது ஒரு டேபிள்ஸ்பூன் நீர் தெளித்து மூடி வைத்தால் பிரிந்து வரும்.